ராஜாவுக்குப் பூசிய கறுப்பு

கல்லூரி நாடகத்தில் நடிப்பு இரண்டாம் பட்சம். முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மேடையோரமாக நின்ற சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுய அறிமுகம்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். நாடக மன்றத்துக்கு வந்தவன் மேஜை மேல் ஏறித் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறினேன். "பேரு ஞானராஜ். செம்பாக்கம். சர்ச்சுல நாலு கிறிஸ்துமஸ் நாடகம் நடிச்சிருக்கேன், நாலுலயும் ஏரோது ராஜாவுக்குச் சேவகன். குழந்தை ஏசுவைப் பாக்க வர்ற ராஜாவே மூணு பேர் இருந்தும் எனக்கு ஒண்ணு கிடைக்கல. இங்கயாவது ராஜா வேஷம் போடணும் சார்."

மன்றச் செயலாளர் சுந்தரம், மூன்றாம் வருஷ மாணவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எமனுக்கு ஆள் கிடைச்சாச்சு, மச்சான்."

மூக்குப் பாடம்

சரித்திர வாத்தியார் நல்ல மனுஷர். ஆனால் அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மூக்குதான். ஒரு நாள் என்னையும் ஜெபராஜையும் எழுப்பி நிறுத்தி, அவன் ஆரியன், நான் திராவிடன் என்று பிரம்பால் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தினார். ஜெபராஜ் நல்ல சிவப்பு. என் சொந்தச் சித்தப்பா மகன். அதைச் சொன்னேன். வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்தார். "பரீட்சையில உறவுமுறையெல்லாம் எழுத வேணாம்."

மேக்கப்

அந்த வருஷ நாடகம் சுந்தரமே எழுதியது. வடக்கிலிருந்து வந்தவர்களை எதிர்த்து நின்ற கறுப்பு ராஜாவின் கதை. 'என் மேனி கறுப்பு, என் மண்ணும் கறுப்பு' என்று பக்கம் பக்கமாக வசனம். இது எனக்காகவே எழுதியது என்று நினைத்து முழுசும் மனப்பாடம் செய்தேன். ஏரிக்கரையில் எருமைகளுக்குப் பேசிக் காட்டினேன், அவை ஆட்சேபிக்கவில்லை.

பட்டியல் ஒட்டினார்கள். ராஜா, ஜெபராஜ். வடக்கத்தித் தூதன், நான். ராஜா லட்சணமாக இருக்க வேண்டுமாம். இரண்டு நாள் ஜெபராஜோடு பேசவில்லை; பாவம், அவன் என்ன செய்வான்?

நாடகத்தன்று பல்லாவரத்திலிருந்து வந்த மேக்கப்காரர் அவனுக்குக் கறுப்பும் எனக்கு வெள்ளையும் பூசிப் பூசிக் களைத்துப்போனார். "இன்னா சார் பேஜார் இது, ரெண்டு பேரையும் எடம் மாத்திவுட்டா நான் வூட்டுக்குப் போயிடுவேனே."

பரிசு

மேடையில் ஜெபராஜுக்கு வசனம் மறந்துவிட்டது. எதிரே தூதனாக நின்ற நான்தான் ஒட்டுத் தாடிக்குள்ளிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். அவன் உரக்கச் சொன்னான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

முடிந்ததும் வாடகைக்கு விட்டவர் வந்து கிரீடம், உடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார். முகத்தைத் துடைத்துவிட்டு எல்லோரும் பனியனோடு வரிசையில் நின்றோம். சிறப்பு விருந்தினர் சிறந்த நடிகருக்கான கோப்பையோடு வந்தார். வரிசையில் கறுப்பாக இருந்தவன் நான் ஒருவன்தான். "பிரமாதம், ராஜா" என்று கோப்பையை என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பொய் சொல்வானேன், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

சுந்தரம் பதறி ஓடிவந்து அவர் காதருகே சொன்னது எனக்கும் நன்றாகவே கேட்டது: "சார், இவன் ராஜா இல்ல. இவன் நிஜமாவே கறுப்பு."

அன்றோடு எனக்கு ராஜா வேஷத்து ஆசை விட்டுப்போனது, ஆனால் அந்த வசனத்தில் ஒரு வரிகூட இன்றைக்கும் மறக்கவில்லை.