என் இன்டர்வியூவில் அவர் சொன்ன பதில்

காரைக்குடியில் நான் படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், 'இஃப்' போட்டுப் பேசும் நிபந்தனை வாக்கியப் பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இஃப் பக்கம் நிகழ்காலம் என்றால் மறுபக்கம் 'வில்', இறந்தகாலம் என்றால் 'வுட்'. மற்றவர்கள் இரண்டு பக்கமும் 'வில்' போட்டு உளறுவார்கள். எனக்கு ஏன் தடுமாற்றம்? கல்யாணமானதிலிருந்து நிபந்தனையில்தானே குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் யாரும் 'கூடாது' என்று சொன்னதே இல்லை. அத்தை சரியென்றால் போகலாம், பிள்ளைக்குப் பரீட்சை முடிந்தால் பார்க்கலாம். அவ்வளவுதான், அதோடு அந்தப் பேச்சு செத்துப்போகும்.

நாச்சியாபுரம் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். விருந்தாளிகளை வரவேற்க ஆள் தேடினார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும், வெறியோடு வேண்டும். சாவி தொலைந்தால், குழம்பு காரமாக இருந்தால், கரண்ட் போனால் என்று அடுப்படியில் நின்றபடி ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

எங்கள் பக்கம் வீட்டுப் பெண் இன்டர்வியூவுக்குத் தனியாகப் போவதில்லை. கணவரும் கூடவே வந்தார். வந்தவர் வெளியே நின்றாரா? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மானேஜருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விருந்தாளி கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று மானேஜர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் இவ சமாளிச்சுக்கிருவா சார். ஆனா ஆறு மணிக்கு மேல இருக்க மாட்டா. ஊர்த் திருவிழான்னா லீவு வேணும். ஆம்பளைக தங்குற ரூம் பக்கம் அங்குட்டெல்லாம் போக மாட்டா. இதுக்குச் சரின்னா அனுப்புறேன்."

மானேஜர் பேனாவை மூடினார். "சரிங்க, பாத்துட்டுச் சொல்றோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? வெளியே வந்து பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டே, "எப்புடிப் பேசினேன் பாத்தியா? ஒத்துக்கிட்டாகன்னா பாப்போம்" என்றார்.

"வண்டிய நிறுத்துங்க. வேலை எனக்கா, உங்களுக்கா? நீங்க எதுக்கு வாயத் தொறந்தீக?"

அவர் பதில் சொல்லுமுன் இறங்கி விறுவிறுவென்று உள்ளே நடந்தேன். மானேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொன்ன கண்டிஷன் எல்லாம்..."

"அது அவுக கண்டிஷன் சார். வேலைக்கு வரப்போறது நான். கேள்விய இன்னொரு தடவை கேளுங்க."