லாஞ்சில் செருப்பா?

சில மாதங்களுக்கு முன் தேசிங்கின் பாதத்தில் மீன்முள் ஒன்று முழுசாக ஏறியிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து அலறியது அவர் மனைவி லோகு!

தேசிங்கு காசிமேட்டில் லாஞ்ச், அதாவது மீன்பிடி விசைப்படகு ஓட்டுகிறவர். ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீடு. சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது... ஆனால் மரத்துப்போன பாதம் மரத்துப்போனதுதான். இன்னொரு புண் வந்து புரையோடினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவரை என் அக்கா மகள் நித்யாவிடம் அழைத்துப் போனேன். சர்க்கரையால் நரம்பு கெடுவதைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சியே.

கம்ப்யூட்டரில் கலர் கலராக ஒரு உருண்டையைச் சுழற்றிக் காட்டினாள்.

"இது நம்ம உடம்புல இருக்கிற ஒரு என்சைம். சர்க்கரை ஏறினா, அதை வேற ஒண்ணா மாத்தி நரம்புக்குள்ள சேர்த்து வச்சிடுது. நரம்பு கெட்டுப்போகுது. இதோ, இந்தப் பள்ளத்துல கச்சிதமா உட்கார்ற மாதிரி மருந்து டிசைன் பண்றோம். உட்கார்ந்துட்டா என்சைம் வேலை செய்யாது."

"அப்டீனா மொத்தமா நிறுத்திடு பாப்பா" என்றார் தேசிங்கு.

"முடியாது மாமா. உடம்புல சில நச்சைக் கழிக்கிறதும் இதே என்சைம்தான்."

எனக்குத் தலை சுற்றியது. இது நல்லதா, கெட்டதா? கெட்ட வேலையை மட்டும் நிறுத்து, நல்லதைத் தொடாதே என்று ஒரு மாத்திரைக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நீங்களே சொல்லுங்கள்! அதற்குத்தான் ஆராய்ச்சியாம்.

"மருந்து எப்போமா கைக்கு வரும்?" என்று கேட்டார் தேசிங்கு.

"இன்னும் கம்ப்யூட்டரையே தாண்டல மாமா. அப்புறம் எலி, அப்புறம்தான் மனுஷன்... அதுவரைக்கும் வெறுங்கால் வேணாம். படகுலயும் செருப்பு போட்டுக்கங்க."

தேசிங்கு சட்டென்று எழுந்துவிட்டார். "இன்னாமா பேசுற? லாஞ்சு எங்களுக்குக் கோயிலு. செருப்பு போட்டுகினு எவனாச்சும் ஏறுவானா?"

கால் முக்கியமா, வழக்கம் முக்கியமா என்று கேட்பது எனக்குச் சுலபம். கால் அவருடையது. கடலும் அவருடையது.

புண் ஆறி அவர் மறுபடி கடலுக்குக் கிளம்பிய அன்று, லோகுவும் துறைமுகத்துக்கு வந்தார். கையில் புது ரப்பர் செருப்பு — மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து!

"ரோட்ட மிதிச்சுதா இது? சேத்த மிதிச்சுதா? வலை மாதிரி இதுவும் லாஞ்சு சாமான்தான்யா. அங்கயே கெடக்கட்டும். மாட்டு!"

தேசிங்கு செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படகில் ஏறி, கையெடுத்துக் கும்பிட்டு, மாட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்சைம் விஷயத்தில் என் குழப்பம் இன்னும் தீரவில்லை. அந்தச் செருப்பு கரைக்கு வருவதே இல்லை. தேசிங்கு வருகிறார்... இரண்டு காலோடு!