‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற வரிக்குக் கீழே

அடுத்தவருக்கு வந்த கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே படித்துச் சொல்வதைப் போலத் தர்மசங்கடமான பிழைப்பு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எழுபதுகளின் கடைசியில் போடி தபால் ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்தேன். இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுப்பேன்; பதில் வந்தால் தமிழில் சொல்வேன். நல்ல சேதியோடு வருகிற கடிதம் அபூர்வம். மற்றதெல்லாம் முதல் வரியில் நன்றி சொல்லிவிட்டு இரண்டாம் வரியில் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று ஆரம்பிக்கும். துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். எங்காவது விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவர் என்றால் நீங்களும் நம்ம கட்சிதான். இந்த ஒரு சொல்லால் குரங்கணி செல்லத்தாயின் மகள் படிப்பையே கெடுக்கப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வருத்தப்பட்ட அதிகாரி

பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கேட்டிருந்தார். ‘துரதிர்ஷ்டவசமாக இந்த வருடம் கொடுக்க இயலவில்லை’ என்று பதில். அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார். “குடுக்க முடியலையேன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்காருய்யா” என்றேன். ஆபீசில் அதை யாரும் வருத்தப்பட்டு அடிப்பதில்லை, கைப்பழக்கத்தில் அடிப்பதுதான் என்பதை நான் சொல்லவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பாவம், எனக்காக ஒரு மனுசன் இம்புட்டு வருத்தப்படுறாரா? நாளைக்கே நேர்ல போயி, பரவால்ல சாமி, அடுத்த வருசம் குடுங்கன்னு தேத்திட்டு வர்றேன்.”

கல்யாண லீவு

சம்சாரி சொன்னபடியே போய்த் தேற்றினார். மறு வருடம் கரண்டும் வந்தது. அது கிடக்கட்டும். மலைமேல் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்த மாரிமுத்து தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டு மனு அடிக்க வந்தான். அடித்ததைப் படித்துக் காட்டினேன். மானேஜர் எழுதுகிற கடிதத்தில் எல்லாம் வருகிற அந்தப் பெரிய சொல் இதில் எங்கே என்றான்.

“துரதிர்ஷ்டவசமாக எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்குன்னா அடிக்கச் சொல்றே?” என்று கேட்டேன். அவன் அசரவில்லை. “போன மாசம் அது இல்லாம எழுதித்தான் லீவு கெடைக்கல. போடுங்கண்ணே, இதைப் பொண்ணு வீட்டுலயா காட்டப்போறோம்?”

என் சாமர்த்தியம்

ஏழெட்டு வருடத்தில் எனக்குக் கை தேறிவிட்டது, புத்தி கெட்டுவிட்டது. கடிதத்தைப் பிரித்ததும் கண் அந்தச் சொல்லைத்தான் தேடும். கண்டால் அங்கேயே நிறுத்தி மடித்துவிடுவேன். கெட்ட சேதியை நறுக்கென்று சொல்வதுதான் இரக்கம் என்று எனக்கு ஒரு நினைப்பு. பக்கத்து டீக்கடை அண்ணாச்சி வேறு மெச்சிக்கொண்டார்: “பிரிக்கிறதும் தெரியல, மடிக்கிறதும் தெரியல, அம்புட்டு வெரசு.”

செல்லத்தாய்

குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் ஏலப்பழம் எடுக்கிறவர். மகள் விஜயா மதுரையில் நர்ஸ் படிப்புக்குப் போட்ட மனுவை நான்தான் அடித்தேன். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் அவளும் அம்மாவோடு கூடையைத் தூக்க வேண்டியதுதான். ஒரு புதன்கிழமை காலையில் இருவரும் கடிதத்தோடு வந்தார்கள். இரண்டாம் வரியிலேயே அந்தச் சொல். மடித்தேன். “கெடைக்கலையாம்க்கா.” விஜயா ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

செல்லத்தாய் நகரவில்லை. கடிதத்தை வாங்கிப் பிரித்து விரலை வைத்தார். “நீங்க நிறுத்துன எடத்துக்குக் கீழ இன்னும் எழுத்து கெடக்கே, தம்பி.”

“அது எல்லாருக்கும் எழுதுறதுக்கா.”

“எங்களுக்கும் எழுதியிருக்குல்ல? படிங்க.”

படித்தேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, ஆனால் காத்திருப்போரில் விஜயாதான் முதல், சேர வேண்டிய ஒரு பெண் வரவில்லை, வியாழன் மதியத்துக்குள் சான்றிதழ்களோடு நேரில் வந்தால் அந்த இடம் அவளுக்கு. வியாழன் என்றால் மறுநாள். மிஷினை மூடிவிட்டு நானே கூட்டிப் போய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

சனிக்கிழமை செல்லத்தாய் தனியாகத் திரும்பி வந்தார். மகளை ஹாஸ்டலில் விட்டாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். கீழே விஷயம் இருப்பது எப்படித் தெரிந்தது என்றும் கேட்டேன். “எனக்கு என்ன எழுத்தா தெரியும்? ஏலச்செடியில காயி தூருலதான் கெடக்கும், மண்ணோட மண்ணா. நிமிந்து நின்னு பாத்தா எந்தச் செடியிலயும் ஒண்ணும் இருக்காது, தம்பி.”

அன்றோடு என் வேகம் போயிற்று. காத்திருப்பவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும், கையெழுத்துக்குக் கீழே இருக்கிற ரப்பர் ஸ்டாம்ப் வரைக்கும் படித்துவிட்டுத்தான் மடித்தேன்.