முன் சொக்குக்குத் திருநீறு பூசியவர்

என் மவுண்டன் பைக்கின் முன் சொக் அப்சோபரைப் பழுதாக்கியது என் அத்தான். நான் அல்ல. என் உடம்பும் அல்ல.

இத்தனை வருடமாக அவர் வேறு கதை சொல்லித் திரிகிறார். அண்மையில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பிள்ளைக்கு என்னைக் காட்டி, "உந்த அன்ரிதான், ஏறி இருந்தே சைக்கிளை உடைச்சவ" என்றாள். நான் கையில் வடையோடு நின்றேன். வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். எனக்கு வடை என்றால் உயிர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம் அது. அக்கா, அக்காவின் புருஷனான இந்த அத்தான், நான், மூவரும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். நான் பஸ்ஸில் வேலைக்குப் போவது லண்டனிலிருந்த அண்ணாவுக்குப் பயம். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு மவுண்டன் பைக் அனுப்பினார். கொழும்பில் ஏது மலை என்று என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள்.

குழியில் குலுக்காமல் அமுங்கி நிமிர்கிற அதன் முன் சொக்கில் ஸ்பிரிங் இல்லை. உள்ளே வெறும் காற்று. ஓட்டுபவரின் எடைக்கு ஏற்றபடி அதை அடிக்க வேண்டும். கூடினால் மரக்கட்டை, குறைந்தால் தொட்டில். அதற்கென்றே மீற்றர் வைத்த, காற்றடிக்கும் சின்னப் பம் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று சொக்கிலேயே ஒட்டியிருந்தார்கள்.

ஹெல்மெட், சப்பாத்து, தோள் பை எல்லாம் போட்டுக்கொண்டுதான் நிறுக்க வேண்டுமாம். அந்தக் கோலத்திலேயே காலி வீதிப் பார்மசிக்குப் போய்த் தராசில் ஏறினேன். கூட வந்த அத்தான் குனிந்து முள்ளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். எடையை இங்கே எழுத மாட்டேன். அது அத்தானுக்குத் தெரியும், பார்மசிக்காரருக்குத் தெரியும், அன்று பஸ்ஸுக்கு நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து காற்று அடித்தேன். பம்மைக் கழற்றியதும் 'ஸ்ஸ்' என்றது.

"ஐயோ பிள்ளை, காத்துப் போகுது! பொத்து, பொத்து!" அத்தான் பாய்ந்து வந்து விரலால் பொத்தினார்.

"அது பம் குழாய்க்குள்ள நிண்ட காத்து, அத்தான். விரலை எடுங்கோ."

எடுக்கவில்லை. அக்கா வந்து சாப்பாடு ஆறுகிறது என்ற பிறகுதான் எடுத்தார்.

சொக்கின் பளபளப்பான குழாயில் ஒரு றப்பர் வளையம் உண்டு. ஏறி இருந்தால் அது மேலே தள்ளுப்படும். இறங்கி, எவ்வளவு தள்ளுப்பட்டது என்று பார்க்க வேண்டும். சொக் போகக்கூடிய தூரத்தில் கால்வாசி என்றால் சரி. எனக்குச் சரியாகக் கால்வாசி.

அடுத்த நாளே சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சொக்கைத்தான் பார்த்தான்.

"மே மொகக்த, நங்கி?" இது என்ன, தங்கச்சி என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், காற்று என்றேன். குண்டு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். குண்டைப் பற்றி அவன் கேட்கவேயில்லை. உடனே இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். விளக்கி முடிய, முதலாமவன் துவக்கோடும் இரும்புத் தொப்பியோடும் தானே ஏறி இருந்து துள்ளினான். "ஹரி ஷோக்!" நல்ல சோக்காக இருக்கிறது என்று சிரித்தான். பிறகு மற்றவர்களும் முறை வைத்துத் துள்ளினார்கள். பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே நின்றது. சொக் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தது. இதைக் கவனியுங்கள்: துவக்கோடு துள்ளியபோதும் நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை மழை. அண்ணாவுக்குச் சொல்லாமல் பஸ்ஸில் போனேன். பின்னேரம் வந்தால் சைக்கிளைக் காணவில்லை. சற்று நேரத்தில் அத்தான் அதில் ஏறி வந்தார், ஹாண்டிலில் பூமாலையோடு. பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து வந்திருக்கிறார். அவர் குசினியில் புதுப் பிரிட்ஜுக்கே பொட்டு வைத்தவர். அதுகூடப் பரவாயில்லை. சொக்கின் இரண்டு குழாய்களிலும் மூன்று குறித் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம்!

"ஆர் இதில பூசினது?"

"ஐயர் ஹாண்டிலோட விட்டிட்டார். கீழ நான்தான் வடிவாப் பூசினனான்."

"அந்தக் குழாயில தூசே படக்கூடாது, அத்தான்!"

"திருநீறு தூசே? வாயைக் கழுவு."

பிள்ளையாரில் பிழையில்லை, ஐயரிலும் பிழையில்லை. ஆனால் கோயிலிலிருந்து வீடு வரை எத்தனை குழி! ஒவ்வொரு குழியிலும் சொக் இறங்கி ஏற, நனைந்த சாம்பல் குழாயோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. வெளியே இருந்ததை நான் துடைத்தேன். உள்ளே போனதை எப்படித் துடைப்பது?

திங்கட்கிழமை, சந்தைக்கு முன்னால் ஒரு குழியில் சொக் குனிந்தது. நிமிரவில்லை. சைக்கிள் யாரோ பெரியவர் காலில் விழப் போவது போல நின்றது. நான் இறங்கினேன், அப்போதும் நிமிரவில்லை. அத்தான் முருங்கைக்காய்க் கட்டோடு அங்கேதான் நின்றார்.

"நான் அண்டைக்கே தராசில பாத்தனான்," என்றார், மரக்கறிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "உந்தப் பாரத்தை உது தாங்குமே?"

அன்றைக்கே அந்தக் கதை கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டது. பிறகு ரொறொன்ரோவுக்கும் போனது.

நான் பம்மை மாட்டிப் பார்த்தேன். நான் அடித்த அளவையே மீற்றர் காட்டியது, காற்று கொஞ்சமும் குறையவில்லை. பாரம்தான் காரணம் என்றால் நான் இறங்கியதும் நிமிர்ந்திருக்க வேண்டாமா? பேப்பர் விரித்துச் சொக்கைக் கழற்றினேன். உள்ளேயிருந்து சாம்பல் நிறக் களி வந்தது. குழாய் முழுக்கக் கீறல். அக்கா குனிந்து மணந்து பார்த்து, "கோயில் வாசம்," என்றா. அத்தானைப் பார்த்தா. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழும்பிப் போனா. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அத்தானின் மகனுக்குக் கல்யாணம் வருகிறது. நன்றியுரைக்கு அத்தான் மைக் பிடிப்பார். பிடித்தால் லேசில் விடமாட்டார், என் கதையும் வரும். வரட்டும். நான் முன்வரிசையில்தான் இருப்பேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம். அத்தான், அந்தக் குழாயில் திருநீறு பூசியது யார்? மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள்.