வலையில் கட்டிய ஏணை

பாலன் பிறந்த நத்தார்க் குடிலுக்கு முன்னால் அம்மா, தங்கச்சி, நான் மூவரும் நின்றோம். அப்பா இல்லை, கடலுக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் படிக்கப் போனவன் நான். அதனால் குடில் கட்டுவதும் என் வேலை. படங்களில் பார்த்தபடி பஞ்சைப் பிய்த்துப் பனி போடுவேன். இந்த முறை பரீட்சை முடிந்து வீட்டுக்கு வரப் பிந்திவிட்டது. அதற்குள் தங்கச்சியே கட்டி முடித்திருந்தாள். பனி இல்லை. கிடுகு வேய்ந்த மீன்வாடி, ஒட்டகத்துக்குப் பதில் மன்னார்க் கழுதை, பாலன் படுக்க வலையில் தொங்கும் ஓர் ஏணை. இந்த வங்காலைக் கரையிலேயே வளர்ந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது.

பிறகுதான் கவனித்தேன். அது அப்பா நண்டுக்கு விட வைத்திருந்த புது வலை. நடுவிலேயே வெட்டியிருந்தாள்.

"இண்டைக்கு நீ செத்தாய்," என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்பா வந்து, இடுப்பில் ஈரச் சாரத்துடன் குடிலுக்குள் குனிந்து பார்த்தார்.

"என்ர புது வலையோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. பழசு நாறுது. பாலனை எப்பிடி அதில கிடத்திறது?"

"ஒரு பக்கம் தாழுது. பாலன் விழுந்திடுவார்," என்று குந்தியிருந்து, முடிச்சைத் தானே இறுக்கிக் கட்டினார்.

என் கதை பத்திரிகையில் வந்தபோது, "எவ்வளவு தருவாங்கள்?" என்று மட்டும் கேட்ட மனிதர் அவர். அன்று அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. தை பிறந்ததும் போய் வேறு வலை வாங்கி வந்தார். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.