கடைசிக் கயாக்

வீட்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் அவள்தான் கடைசி ஆளாக வாசலைத் தாண்டுவாள். தெருவில் நாலு பேர் சேர்ந்து நடந்தால் தானாகப் பின்னுக்கு வந்துவிடுவாள். முன்னால் போகிறவர்களின் முதுகை ஒரு தடவை எண்ணிப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

"இங்க யாரும் முழுகிட மாட்டாங்க, பேசாம நட," என்று அண்ணி கிண்டல் செய்வாள். பதினொரு வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

அண்ணனுக்குக் கடல்தான் பிழைப்பு. காலையில் ஆட்களைப் பாறைக் கரையோரமாகக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் கூட்டிப்போவான். ஒரு சின்னக் குடாவில் நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்க்க வைத்து, மதியத்துக்குள் கரை சேர்ப்பான். முன் படகில் அவன், நடுவில் விருந்தாளிகள், கடைசிப் படகில் இடுப்பில் இழுவைக் கயிறும் கழுத்தில் விசிலுமாக அவள். யாருக்குக் கை ஓய்ந்தது, யாருக்குப் பயம் தட்டியது என்று தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். முகம் பார்த்துப் பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம், மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இன்னொரு கரையில் ஒரு கம்பெனி முன்படகுக்கு வழிகாட்டி தேடியது. தங்க அறையும் தருவதாகச் சொன்னார்கள். அறை என்ற சொல்லிலேயே அவள் மனசு நின்றுவிட்டது. அண்ணன் வீட்டு மாடியில் அவள் படுக்கிற அறையில் பாதியை லைஃப் ஜாக்கெட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. அவை காய்ந்ததும் இல்லை, அறையின் ஈரவாடை போனதும் இல்லை.

கம்பெனி கேட்டது ஒரே ஒரு தாள். ஒரு குழுவை முன்னால் நின்று நடத்திக் கரை சேர்த்தாள் என்று, கூட இருந்து பார்த்த வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனை விட்டால் யார் போடுவது? "பாக்கலாம்" என்றே இரண்டு மாதம் ஓட்டினான். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் வாய் திறந்தான்.

"சரி, நாளைக்கு நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன். எல்லாரையும் நல்லபடியா கொண்டுவந்து சேத்துட்டா போட்டுத் தர்றேன்."

மறுநாள் வந்தவர்கள் ஆறு பேர்: ஒரே ஆபீஸில் வேலை செய்யும் மூவர், புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஓய்வு பெற்ற பல் டாக்டரம்மா.

"கண்ணாடிக்குள்ள கொஞ்சம் எச்சில் துப்பித் தேய்ச்சுக்கோங்க, ஆவி படியாது," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

புதுப்பெண் முகத்தைச் சுளித்தாள். பல் டாக்டரம்மா சிரித்தாள். "முப்பது வருஷம் ஊரான் எச்சில்ல கை வெச்சவ நான். என்னோடது எனக்கு அமிர்தம்!"

அன்று அவள் முன்னால் ஒரு முதுகும் இல்லை, வெறும் கடல். இடது பக்கம் கதவே இல்லாத மதில் மாதிரி பாறை. இருபது துடுப்புக்கு ஒரு தடவை கழுத்து தானாகத் திரும்பியது.

"சுளுக்கிக்கப் போவுது, முன்னாடி பாரு!" என்று அண்ணன் கடைசியிலிருந்து கத்தினான்.

குடாவில் எல்லாம் நன்றாகவே நடந்தது. திரும்பும்போது பாறை முனையைச் சுற்றியதும் மறுபடி எண்ணினாள். ஐந்து ஹெல்மெட். அண்ணன் கயாக்கைக் குறுக்கே போட்டு, ஜோடியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய பல் டாக்டரம்மாவைக் காணோம்.

விசிலை ஊதினாள். "எல்லாரும் ஒண்ணா சேந்து பக்கத்துப் படகப் பிடிச்சுக்கோங்க. அண்ணா, இவங்களோட நில்லு!" இவ்வளவு உரக்க அவள் பேசி அண்ணனே கேட்டதில்லை.

அவள் முனையைச் சுற்றித் திரும்பிப் போனபோது, ஒரு பாறைப் பிளவுக்குள் அந்தக் கயாக் மூக்கை நுழைத்துக் கிடந்தது. கடல் எழும்பும்போதெல்லாம் படகு மேல்பாறையை நோக்கி ஏறியது. பல் டாக்டரம்மா இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வர வழி தெரியலம்மா..."

"கைய எடுத்து மடியில வைங்க. பாறையத் தொடாதீங்க. குனிஞ்சுக்கோங்க."

தண்ணீர் தாழும்வரை காத்திருந்து தன் இடுப்புக் கயிற்றை அந்தப் படகின் கொக்கியில் மாட்டினாள். தாழும்போது இழுத்தாள், எழும்பும்போது நின்றாள். மூன்றாவது தடவை படகு வெளியே வந்தது. அந்தம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கரையில், எல்லார் முன்னாலும், பல் டாக்டரம்மா கேட்டாள். "எனக்குப் பின்னாடி யாரு இருந்திருக்கணும்?"

அண்ணன் ஏற்கெனவே கழுவிய கண்ணாடியை மறுபடி குழாயில் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணி படகுக் கொட்டகை வாசலில் துண்டுகளோடு நின்றாள். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆறு போனிலிருந்து ஊருக்கெல்லாம் போய்விடும். அப்புறம் இந்தக் கொட்டகைப் பக்கம் யார் வருவார்கள்?

"கடல் திடீர்னு தூக்கிடுச்சும்மா. நான்தான் கொஞ்சம் வேகமா போயிட்டேன்."

பல் டாக்டரம்மா அவளையே பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

எல்லாரும் போனதும் தாளை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"வேகமா போயிட்டேன்னு நீயே சொல்லிட்டியே. நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா என் கையெழுத்துல்ல வந்து நிக்கும்?"

"அண்ணா, நீ போட்டோ எடுத்துட்டு..."

"அதான் சொல்றேன். நீ பின்னாடி இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? உன்ன மாதிரி ஒரு கடைசி ஆள் யாருக்குக் கிடைக்கும், சொல்லு!" அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

அவள் தாளை ஈர பெஞ்சில் வைத்தாள். அண்ணிதான் அதை எடுத்து, துண்டால் ஒற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

அந்த வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். தாள் மாடி அறையில், லைஃப் ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. அண்ணன் முன் படகில் போகிறான். அவள் கடைசிப் படகில் போகிறாள்.