ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை

காத்தாயியின் மனுவுக்கு அரசாங்கம் பத்தே நாளில் ஆள் அனுப்பியது. வாய்க்கால் கரைத் தெருவில் இப்படி நடந்ததே இல்லை. தெருவிளக்குக்குக் கொடுத்த மனு மூன்று வருடமாகக் கிடக்கிறது.

வந்தவர் கிராம நிர்வாக அலுவலர் பரிதி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத இளைஞர். காலை ஏழரைக்கே பைக்கை நிறுத்திவிட்டு, அக்குளில் ஃபைலோடு வாசலில் நின்றார்.

"நீங்கதானே காத்தாயி? ஆக்கிரமிப்பு எங்கன்னு காட்டுங்கம்மா, பாத்துட்டுப் போயிடறேன்."

காத்தாயி நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஐப்பசி பிறக்கப்போகிறது, சம்பா நடவு முடிந்தபாடில்லை. நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த வயலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். பதினாறு பெண்களைத் திரட்டிக்கொண்டு போவாள். அவர்களில் பாதிப் பேர் அப்போதே தெருமுனையில் வந்து நின்றிருந்தார்கள்.

"இங்க இல்ல சார். கெர்சன்ல" என்றாள்.

"அது எந்தப் பிர்க்கா?"

தாலுகாவைப் பிர்க்கா பிர்க்காவாகப் பிரித்தே பழகிய மனிதர். கேட்டதில் கிண்டல் இல்லை.

"உக்ரைன்ல சார். எம் பொண்ணு இருக்குற ஊரு."

பரிதி ஃபைலைத் திறந்து மனுவை அப்போதுதான் முழுதாகப் படித்தார். மாவட்ட அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதும் ஷேக் பரீத் எழுதிக் கொடுத்தது. 'எனது மகள் டாக்டர் சுடர்விழி வசிக்கும் ஊரைப் பக்கத்து நாடு ஆக்கிரமித்துள்ளது. அந்த ஆக்கிரமிப்பை அகற்ற, ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா கை தூக்கி ஆதரவு தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' இதைக் கணினியில் ஏற்றியவர் கண்ணில் ஒரு சொல்தான் பட்டிருக்க வேண்டும். பொருள் என்ற இடத்தில் 'ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல்', துறை என்ற இடத்தில் 'வருவாய்த் துறை'. அங்கிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து பரிதிக்கு.

சிரிப்பு வரத்தான் செய்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

சுடர்விழி அந்த ஊருக்கு மருத்துவம் படிக்கப் போனவள். தாய்மாமன் புகழேந்தி சிங்கப்பூரில் கட்டட வேலை செய்து படிக்கவைத்தான். படிப்பு முடிந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அந்திரி என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். போர் வந்ததும் அந்திரி பட்டாளத்துக்குப் போனான். மாசி மாதமே ஊர் பிடிபட்டுவிட்டது. இந்தியாவிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளெல்லாம் விமானம் ஏறினார்கள். சுடர்விழி ஏறவில்லை. மாமியார் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியில் மிஞ்சியவர்கள் நாலே டாக்டர்கள்.

காத்தாயி கெஞ்சினாள், அழுதாள், மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மகள் ஒருமுறைதான் உதவி என்று ஒன்றைக் கேட்டாள்.

"உலகத்துல பாதிக்கு மேல கை தூக்குதும்மா. நம்ம நாடு மட்டும் ஏன் கையை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குன்னு ஆஸ்பத்திரியில கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

காத்தாயிக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் தெரியும். திங்கள்கிழமை மனு நாள். பஸ் ஏறிவிட்டாள்.

"இது டெல்லி விஷயம்மா" என்றார் பரிதி. "என் வரம்பு இல்லன்னு திருப்பி அனுப்பினாலும் பிரயோசனமில்ல. ஆக்கிரமிப்புன்னு இருக்கு, நேர்ல பாத்து முடிங்கன்னு எனக்கேதான் திரும்பி வரும்." பிறகு தயங்கித் தயங்கிப் போனை எடுத்தார். "இன்னொண்ணு. அந்த ஐ.நா. சபை ஓட்டெடுப்பு நேத்து ராத்திரியே முடிஞ்சிருச்சு. நூத்தி நாப்பத்தி மூணு நாடு ஆதரவு. எதிர்த்து அஞ்சு. முப்பத்தஞ்சு நாடு ஒதுங்கிக்கிச்சு."

"நம்ம நாடு?"

"ஒதுங்குன பக்கம். எண்ணெய் இருக்கு, ஒரம் இருக்கு, பழைய சிநேகிதம் இருக்கு. அவங்களுக்கும் ஆயிரம் யோசனை."

காத்தாயி படியில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அதனால" என்று பரிதி ஃபைல் மேல் வைத்து ரெண்டு வரி எழுதி ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா மனுவ முடிச்சுடலாம்."

காத்தாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நேரில் ஆய்வு செய்ததில் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை. மனுதாரர் இதை ஏற்றுக்கொண்டார்.'

"இல்லைன்னு நான் எப்படி சார் போடுறது?"

"சும்மா ஒரு வார்த்தைதாம்மா."

"அப்ப 'இந்தத் தெருவுல'ன்னு முன்னாடி சேத்து எழுதுங்க. போடறேன்."

பரிதி பேனாவை எடுத்தார். எடுத்த பேனா அப்படியே நின்றது.

"இடம் சொல்லாம எழுதுனா யாரும் கேக்கமாட்டாங்க. தெருவுன்னு எழுதுனா என் வேலை போயிடும்" என்றார் குரலைத் தாழ்த்தி. "அடங்கல் கணக்குல இந்தத் தெருவே வாய்க்கால் புறம்போக்கு. முப்பத்திரண்டு வீடும் ஆக்கிரமிப்புதான்."

அவர் தாழ்த்திய குரல் தெருமுனை வரை போய்விட்டது. கூலி ஆட்களாக இருந்த தாத்தன்மார் காலத்தில் போட்ட குடிசைகள், இப்போது காரை வீடுகள். எந்த வீட்டுக்கும் பட்டா இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை.

"கையெழுத்துப் போடலைன்னா?"

"மனு நிலுவையில நிக்கும். தாசில்தார் சர்வேயர அனுப்புவாரு. அவரு அளக்கச் சங்கிலி போட்டா இந்தத் தெருவுலதான் போடணும், கெர்சன்ல போட முடியாது."

பக்கத்து வீட்டுக் கனிமொழி முதலில் வந்தாள். காத்தாயியோடு இருபது வருடமாக ஒரே வயலில் நடுகிறவள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

"போட்டுடுக்கா."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"எதுவா இருந்தா என்ன? நீ கையெழுத்துப் போட்டா அந்த ஊரு போயிடுமா, போடலைன்னா வந்துடுமா? என் வீடு போயிடும்க்கா. போன மாசந்தான் தளம் போட்டேன்."

"சுடரு அங்க மாட்டிக்கிட்டு..."

"சுடரு வரமாட்டேன்னு சொன்னவ. நாங்க எங்க போவோம், சொல்லு. எங்களையும் உக்ரைனுக்கு அனுப்பப் போறியா?"

யாரோ சிரித்தார்கள். கனிமொழி சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் காத்தாயிக்குத் தாங்கவில்லை. நியாயம் அவள் பக்கம்தான். காத்தாயி பேனாவை வாங்கினாள்.

தாளை முழங்காலில் வைத்தாள். பேனா முனை தாளைத் தொட்டது.

பதினெட்டு நாளுக்கு முன்னால் சுடர்விழி அனுப்பிய குரல் செய்தி, மொத்தம் முப்பது வினாடி. நூறு தடவைக்கு மேல் கேட்டாயிற்று. 'அம்மா, வீடு வீடா வர்றாங்க. துப்பாக்கியோட ரெண்டு பேரு, ஓட்டுப்பெட்டியோட ஒரு பொம்பள. இந்த ஊரு இனிமே அவங்க நாட்டோட சேந்ததுன்னு ஒத்துக்கிட்டு டிக் அடிக்கணுமாம். அத்தை படுத்தபடியே பேனாவ வாங்கிக் கீழ போட்டுட்டாங்க. என்கிட்டயும் நீட்டுனாங்க. நான் போடல. நீ பயப்படாத. சாப்ட்டேன்.' அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

காத்தாயி பேனாவைக் கீழே போடவில்லை. பரிதியின் சட்டைப்பையில் அவளே செருகினாள்.

"சர்வேயர் வரட்டும் சார். மொதல்ல என் வீட்டுலேருந்து அளக்கச் சொல்லுங்க."

பரிதி தாளின் அடியில் 'மனுதாரர் கையொப்பமிட மறுத்துவிட்டார்' என்று எழுதித் தேதி போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

கனிமொழி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாங்கடி, நாத்து காயுது" என்று நடந்தாள். மற்ற பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் போனார்கள். எப்போதும் முன்னால் நடக்கும் காத்தாயி, இருபது அடி தள்ளிக் கடைசியில் போனாள். வயலில் யாரும் அவளுக்கு இடம் விடவில்லை. வரப்பில் நின்றாள்.

பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையில் அவள் அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன, நாளுக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் கீழும் ஒற்றை டிக்.

பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சுடரு, இங்கயும் வந்தாங்கடி. என்கிட்டயும் நீட்டுனாங்க." துப்பாக்கி யாரிடமும் இல்லை, எல்லாம் நம்ம ஜனங்கதான் என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. "நானும் போடல. சாப்ட்டியா?"

விரலை எடுத்தாள். செய்தி போயிற்று. ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே, கனிமொழியின் ஆட்கள் பாதி வயலை நட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.